பாதிப் பருவம் முடிந்ததும் ஒரு ஹொக்கி அணியின் இளம் வீரர்களை எப்படி எடைபோடுவது?

ஸ்காபரோவில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். இந்தக் குளிர்காலம்தான் ஐஸ் ஹொக்கி பார்க்கத் தொடங்கினீர்கள், மொன்றியல் கனேடியன்ஸ் பிடித்துப்போனது, 41 ஆட்டம் முடிந்த கையோடு நண்பர்கள் "இவன் சரிவரமாட்டான், அவனை வித்துப்போடலாம்" என்று பட்டியல் போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலை நம்பாதீர்கள். நடுப்பருவத்தில் புள்ளிகளை (அடித்த கோலும், கோலுக்கு எடுத்துக்கொடுத்த அசிஸ்டும்) எண்ணுவதால் பயன் குறைவு. அந்தப் புள்ளிகள் எந்த நிமிடங்களில், யாருடன் ஆடியபோது வந்தன என்றுதான் பார்க்கவேண்டும். முடிந்துபோன 2024-25 பருவத்தை வைத்தே சொல்கிறேன். முடிவு தெரிந்த பருவம் என்பதால், நடுவில் சொல்லப்பட்டதில் எது நின்றது, எது விழுந்தது என்று சரிபார்க்கலாம்.

முதலில் லேன் ஹட்சன், ஏனென்றால் அதிகம் திட்டு வாங்கியவர் அவர். 2022 டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வு) 62ஆவதாக எடுக்கப்பட்ட டிஃபென்ஸ் வீரர். அவ்வளவு பின்னுக்குத் தள்ளப்பட உயரம் குறைவு என்பதுதான் முக்கிய காரணம். பருவத்தின் தொடக்கத்தில் அவரைக் குறைசொன்னவர்கள் கையில் எடுத்தது பிளஸ்-மைனஸ்: ஒருவர் களத்தில் இருக்கும்போது நம் அணி கோல் அடித்தால் அவருக்குப் பிளஸ், வாங்கினால் மைனஸ். அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதை அவர்மேல் வீசமாட்டீர்கள். பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) நம் அணி அடிக்கும் கோலுக்கு யாருக்கும் பிளஸ் கிடையாது. ஆகவே ஹட்சன் பவர் பிளேயில் எடுத்துக்கொடுத்த அசிஸ்ட் எதுவும் அதில் ஏறாது. மறுபக்கம், ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது கடைசி இரண்டு நிமிடத்தில் கோலியை (வலை காப்பவரை) வெளியே எடுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்குவார்கள். பக்கை (அடித்து ஆடும் ரப்பர் தட்டை) முன்னே கொண்டுபோகத் தெரிந்த டிஃபென்ஸ் வீரர் அப்போது நிச்சயம் களத்தில் இருப்பார். எதிரணி வெறும் வலைக்குள் அடித்தால் அவருக்கும் ஒரு மைனஸ். தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் பயிற்சியாளர் அதிகம் நம்பும் ஆளுக்கே மைனஸ் கூடும். 2024 நவம்பரில் கனேடியன்ஸ் அட்லாண்டிக் பிரிவின் அடியில் கிடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதற்குப் பதிலாகப் பார்க்கவேண்டியது ஆடுநேரம். முதல் பருவ வீரருக்குப் பயிற்சியாளர் மார்ட்டின் செயின்ட் லூயி சராசரியாக 22 நிமிடத்துக்குமேல் கொடுத்தார். பவர் பிளேயின் முதல் பிரிவை நடத்தும் வேலையும் பருவத்தின் போக்கில் மூத்த டிஃபென்ஸ் வீரர் மைக் மாத்திசனிடமிருந்து ஹட்சனிடம் வந்தது. பயிற்சியாளர் கொடுக்கும் நிமிடம் அவருடைய உண்மையான கருத்து. பேட்டியில் சொல்வதைவிட அதைத்தான் நம்பவேண்டும். முடிவில் 6 கோல், 60 அசிஸ்ட், சிறந்த முதல் பருவ வீரருக்கான கால்டர் கோப்பை. முதல் பருவ டிஃபென்ஸ் வீரர் ஒருவரின் 60 அசிஸ்ட், 1980-81 இல் லாரி மர்பி வைத்த சாதனைக்குச் சமம். (தற்காப்பில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பலகையோரம் பெரிய முன்கள வீரர் உடம்பால் அழுத்தினால் பக்கை இழந்த ஷிஃப்டுகள், அதாவது ஒருமுறை களத்தில் இறங்கி ஆடும் சிறு நேரங்கள், உண்டு. அதைக் காட்டிச் சண்டைக்கு வரவேண்டாம்.)

அடுத்து, அடித்த கோலை மட்டும் பார்க்காமல் ஷொட் (வலையை நோக்கி அடித்தவை) எண்ணிக்கையோடு பாருங்கள். முன்கள வீரர் கோஃபீல்ட் 2022-23 இல் தோள் அறுவைக்கு முன் 46 ஆட்டத்தில் 26 கோல் அடித்தார். மறு பருவம் 82 ஆட்டத்தில் 28 தான். "முடிந்துவிட்டான்" என்றார்கள். ஆனால் அந்தப் பருவம் அவர் அடித்த ஷொட் 314. அதாவது நூற்றுக்கு ஒன்பதுதான் உள்ளே போனது. அவரைப் போன்ற கைக்கு அது குறைந்த விகிதம். ஷொட் போடும் இடங்களுக்கு அவர் வந்துகொண்டே இருந்தார் என்பதுதான் அங்கே கவனிக்கவேண்டிய சேதி. 2024-25 இல் 37 கோல். ஷொட்டும் குறைந்து கோலும் குறைந்தால் கவலைப்படுங்கள். ஷொட் நிற்காமல் கோல் மட்டும் நின்றால் பொறுங்கள்.

பற்றிக் லைனே இதற்கு நேர்மாறு. முழங்கால் காயத்திலிருந்து டிசெம்பர் 3 அன்று திரும்பியவர் மளமளவென்று அடித்தார், அரங்கமே எழுந்து நின்றது. நடுப்பருவத்தில் அவரை மீட்பர் என்றார்கள். பருவம் முடிந்தபோது 52 ஆட்டத்தில் 20 கோல், அதில் 15 பவர் பிளேயில் வந்தவை. இரு பக்கமும் முழு ஆளோடு ஆடும் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் அவரது லைன் (சேர்ந்து இறங்கும் மூன்று முன்கள வீரர்கள்) என்ன செய்தது என்று தனியாகப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சு அடங்கியிருக்கும். பவர் பிளே கோலும் கோல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தின் பெரும்பகுதி ஐந்துக்கு ஐந்து.

கோலிகளைப் பற்றிச் சுருக்கமாக: இருபது ஆட்டம் ஆடாத கோலியைப்பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள். யாக்குப் டோபேஷ் டிசெம்பர் 28 அன்று நடப்புச் சாம்பியன் புளோரிடாவை அவர்கள் ஊரிலேயே ஒரு கோலும் விடாமல் 4-0 என்று அடைத்தார். தொடங்கிய முதல் ஐந்து ஆட்டமும் வெற்றி. பருவ முடிவில் 16 ஆட்டம், தடுப்பு விகிதம் (வந்த ஷொட்டில் தடுத்த பங்கு) .909. லீக் சராசரி .900 ஐ ஒட்டியிருந்த ஆண்டில் அது நல்ல எண், அற்புதம் அல்ல. பாரத்தைச் சுமந்தவர் சாம் மொன்டெம்போ.

அந்த டிசெம்பரில் அணியை மாற்றிய பெயர் எந்தப் பட்டியலிலும் மேலே இல்லை. டிசெம்பர் 18 அன்று ஜஸ்டின் பாரனைக் கொடுத்து நாஷ்வில்லிடமிருந்து வாங்கிய அலெக்சாண்டர் கரியே. வலக்கை டிஃபென்ஸ் வீரர், கோல் அடிக்கமாட்டார். நம் ஆள் பெனால்டியில் வெளியே இருக்கும் நேரத்தையும் நம் பக்கத்தில் தொடங்கும் கடினமான ஷிஃப்டுகளையும் அவர் எடுத்துக்கொண்டதும் இளையவர்களுக்கு அவரவர் வேலை மட்டும் மிஞ்சியது. நவம்பரில் அடியில் கிடந்த அணி அணிப் பட்டியலில் 91 புள்ளியோடு பிளேஓஃபுக்கு (பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) போனது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மொன்றியல் அணியின் பிராந்திய ஒளிபரப்பு கியூபெக், அட்லாண்டிக் மாகாணங்கள், கிழக்கு ஒன்ராறியோ வரைதான். ரொறன்ரோப் பக்கம் இருப்பவருக்கு, மாதாமாதம் காசு கட்டினாலும், அந்த ஆட்டங்களில் திரை தடுக்கப்படும். பார்க்கத் தனிச் சந்தா வேண்டும். ஒரே நாட்டுக்குள் இருக்கும் ரசிகனுக்கு இது அநியாயம். இதனால்தான் பலர் பத்து நிமிடச் சுருக்கத்தைப் பார்த்து டிஃபென்ஸ் வீரரை எடைபோடுகிறார்கள். சுருக்கத்தில் வருவது கோல் வாங்கிய ஷிஃப்ட் மட்டும். பக்கை அமைதியாக வெளியே எடுத்துப்போன இருபது ஷிஃப்ட் வராது.

இனி, மேலே வராத இளையவர்கள். எந்த லீக், எத்தனை வயது, எத்தனை நிமிடம் என்ற மூன்றும் தெரியாமல் புள்ளியைப் பார்க்காதீர்கள். 2024 இல் ஐந்தாவதாக எடுத்த இவான் டெமிடோவ் செயின்ட் பீற்றர்ஸ்பேர்க் அணியில் பருவத் தொடக்கத்தில் சில இரவுகள் பெஞ்சிலேயே இருந்தார். வயது வந்தவர்களின் லீக்கில் 18 வயதில் அது வழக்கம். நிமிடம் கூடியதும் 65 ஆட்டத்தில் 49 புள்ளி. ஏப்ரல் 14 அன்று மொன்றியலுக்காக முதல் ஆட்டத்திலேயே ஒரு கோலும் ஒரு அசிஸ்டும். அவசரத்தின் விலைக்கு ஸ்லாஃப்கோவ்ஸ்கியைப் பாருங்கள். 2022 இன் முதல் தேர்வு, 18 வயதில் நேரே மேலே வைத்துக்கொண்டார்கள்: காயத்துக்கு முன் 39 ஆட்டத்தில் 10 புள்ளி. மறு பருவம் அணித்தலைவர் சுசுக்கி, கோஃபீல்ட் லைனில் நிலைத்தபின் 50 புள்ளி. அதன் பாதியில் அவரை விற்கச் சொன்னவர்கள் நிறைய.

ஒருவரை ஒன்பது ஆட்டத்தோடு கீழ் லீக்குக்குத் திருப்பி அனுப்பினால் அவர் தோற்றுவிட்டார் என்று எண்ணவேண்டாம். 18, 19 வயதில் ஒப்பந்தமிட்டவர் பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அவரது மூன்றாண்டு ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். அது கணக்குப்பிள்ளை வேலை.

மொன்றியலின் கீழ்நிலை அணியான லவால் றொக்கற்றில் இருப்பவர்களைப் பார்க்கும்போது காயத்தையும் கழித்துப் பாருங்கள். இளம் டிஃபென்ஸ் வீரர் டேவிட் ரைன்பாக்கர் அந்தப் பருவத்துக்கு முன்பே முழங்கால் அறுவை செய்துகொண்டு கடைசிப் பகுதியில்தான் திரும்பினார். அப்படிப்பட்டவரிடம் முதல் சில வாரம் புள்ளி தேடாமல், பின்னோக்கிச் சறுக்கும்போது இரு பக்கமும் ஒரே வேகத்தில் திரும்புகிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.