கை மறந்துபோகும் முன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் மன்னவனூர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் இன்டர்ன்ஷிப். விடுதியில் இப்போதே வேலைப் பேச்சுதான். கோழிக் கம்பெனியில் இருக்கும் சீனியர் அண்ணன் ஒருவர் பயோடேட்டாவை உடனே அனுப்பச் சொல்கிறார். தோழிகளோ எல்லாம் முடிந்து கால்நடை மருத்துவ மன்றத்தின் பதிவு எண் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். அப்பாவுக்கு அரசாங்க வேலைதான் வேலை. டிஎன்பிஎஸ்சி வரும்வரை வீட்டில் இருந்து படி என்கிறார். எனக்கு மலையிலேயே மாடு பார்க்க ஆசை. வேலையை எப்போது தேடத் தொடங்க வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டாக்டரம்மா,

இன்னும் டாக்டர் ஆகவில்லை என்பீர்கள். பூம்பாறையைத் தாண்டிவிட்டால், கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே டாக்டரம்மாதான். விடுமுறைக்கு வந்தால் வாசலில் யாராவது கன்றுக்குட்டியோடு நிற்பார்கள், எனக்கும் நடந்தது. பதிவு இல்லாமல் வைத்தியம் பார்ப்பது 1984 ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி தவறு என்று அவர்களிடம் சொல்ல முடியாது. மருந்தகத்துக்கு ஓட்டிப்போகச் சொல்லுங்கள், கூடவே நீங்களும் போங்கள்.

கேள்விக்கு வருகிறேன். இன்டர்ன்ஷிப்பின் முதல் மாதமே தொடங்கிவிடுங்கள். ஏன் என்று சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

படிப்பு முடிந்ததும் வேலை ஆணைக்காக நான் எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். உங்கள் அப்பா சொல்வதைத்தான் என் அப்பாவும் சொன்னார். ஆணை வந்து மேல்மலையில் ஒரு மருந்தகத்தில் சேர்ந்தேன். இரண்டாவது வாரம், கார்த்திகைக் குளிரில், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு ஆள் வந்து நின்றார். மாடு சாயங்காலத்திலிருந்து முக்குகிறதாம். போய்ப் பார்த்தால் கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிகின்றன, தலையைக் காணோம். உள்ளே பக்கவாட்டில் மடங்கிக் கிடக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? காலில் கயிற்றைக் கட்டி இழுத்தேன். இழுக்க இழுக்கத் தலை இன்னும் மடங்கும் என்பது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். எட்டு மாதத்தில் தலைக்கு நினைவிருந்தது, கைக்கு மறந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்து மருந்தகத்தின் வயதான உதவியாளர் வந்து சேர்ந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். "உள்ள தள்ளுங்க சார். மாடு முக்காதப்ப தள்ளிட்டு, அப்புறம் மூஞ்சியத் தேடுங்க" என்றார். தள்ளினேன், இடம் கிடைத்தது. மூக்கு அகப்பட்டது. பல் கருப்பையைக் கிழிக்காதபடி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைத் திருப்பியதும், பத்து நிமிஷத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மாடு பிழைத்தது. கன்று ஏற்கனவே செத்திருந்தது. அந்த வீட்டில் எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதனால் அப்பா சொல்லும் பரீட்சையை விடச் சொல்லவில்லை. அது ஆண்டுதோறும் வருவதில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். 2019 கடைசியில் ஒரே அறிவிப்பில் 1,141 கால்நடை உதவி மருத்துவர் இடங்கள் வந்தன. அப்படி வரும்போது வரும். ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். ராத்திரி இரண்டு மணி நேரம் படித்தாலும் போதும், பகலில் கை வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

தேடுவது என்றால் பயோடேட்டா அனுப்புவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்கள் கால் நடையாகப் போய்த் தேடுங்கள் (வார்த்தை தானாக வந்து விழுந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள்). இன்டர்ன்ஷிப் ஒரு வருஷம். பண்ணை, மருத்துவமனை என்று உங்களை மாற்றி மாற்றி அனுப்புவார்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரிடம் வேலை பார்க்கலாம் என்ற கண்ணோடு இருங்கள். விடுமுறை கிடைத்தால், சேர நினைக்கும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் கூட நின்று பாருங்கள். அவர் அறுவை சிகிச்சை எப்படிச் செய்கிறார் என்பதைவிட, தப்பாகப் போகும்போது ஜூனியரிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். அங்கிருந்து விலகிப் போன ஜூனியர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ராத்திரியில் கூப்பிட்டால் வண்டி யார் தருவது, கூட யார் வருவது என்பதை வெட்கப்படாமல் முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் என்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கோழி, தீவன, மருந்துக் கம்பெனிகளோடு இன்டர்ன்ஷிப் முடிய நாலு மாதம் இருக்கும்போது பேச ஆரம்பித்தால் சரியாக இருக்கும். உங்கள் சீனியர் அண்ணன் கொஞ்சம் அவசரப்படுகிறார், ஆனால் அவர் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். சேரும் தேதியை மட்டும் மாநில மன்றத்தில் பதிவு முடியும் நாளைக் கணக்குப் பண்ணிச் சொல்லுங்கள். நாய், பூனை பார்க்கும் கிளினிக்குகள் வேறு மாதிரி, யாராவது விலகினால் அடுத்த வாரமே ஆள் வேண்டும் என்பார்கள். அங்கே முன்கூட்டி முகம் தெரிந்திருந்தால்தான் உங்களைக் கூப்பிடுவார்கள்.

அப்புறம் மலை. இதில் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. முதல் வேலையாக மலையில் தனியாகக் கிளினிக் போடாதீர்கள். மேல்மலையில் முன்பு போல மாடு இல்லை. கேரட்டும் பூண்டும் போட்ட கையோடு வீட்டுக்கு ஒன்றிரண்டு கறவைதான். ஏரிக்கரைக் குதிரைகள் உண்டு, எஸ்டேட் நாய்கள் உண்டு. ஆனால் கிளாவரையில் ஒரு குதிரை வயிற்றுவலியில் புரண்டுகொண்டிருக்கும்போது பக்கத்தில் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். போனில் சிக்னலும் இருக்காது. ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு பக்கம் மாடு நிறைய வந்துபோகும் இடத்தில், அனுபவமுள்ள ஒருவருக்குக் கீழே இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு ஏறி வாருங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்.

அதுவரை ஊருக்கு வரும்போதெல்லாம், உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே 1965 முதல் இருக்கும் மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி மையத்துக்குப் போங்கள். அங்கிருக்கும் பாரத் மெரினோ ஆடுகளைச் சின்ன வயசிலிருந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பீர்கள். இந்த முறை அனுமதி கேட்டு உள்ளே போய், குட்டி போடும் சமயத்தில் கூட நிற்க விடுவார்களா என்று கேளுங்கள். இரண்டு மாதம் என்றீர்களே, அதற்குள் ஒரு தடவையாவது.

பி.கு.: கன்று இழுக்கும் கயிறு இரண்டு, சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நைலானாக இருக்கட்டும், கொதிக்க வைத்துக் காய வைக்கச் சுலபம். எந்த மருந்தகமானாலும் ராத்திரியில் தேடும்போது அது ஒன்றுதான் கிடைக்காது.