இரவில் சப்பாத்திதான், எடை மட்டும் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 44. உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. மூன்று மாதமாக இரவில் சோற்றைத் தொடுவதில்லை. மூன்று சப்பாத்தியும் குருமாவும்தான். காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடிக்கிறேன், அரை மணி நேரம் நடக்கிறேன். அரைக் கிலோகூடக் குறையவில்லை. இட்லி, தோசையையும் விட்டுவிடட்டுமா? – ஒரு வாசகி, கரூர்.

பதில்: வேண்டாம். விட்ட சோற்றையே நீங்கள் விட்டிருக்க வேண்டியதில்லை. அரிசியானாலும் கோதுமை மாவானாலும் 100 கிராமுக்குச் சுமார் 320 முதல் 360 கலோரிதான். கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், உண்மை. அதற்காக எடை தானாக இறங்கிவிடாது.

உங்கள் ராத்திரித் தட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தரச் சப்பாத்தி ஒன்றுக்கு 35 கிராம் மாவு பிடிக்கும். மூன்றுக்கு 350 கலோரி. கல்லில் போட்டுச் சப்பாத்திக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் சுற்றி விட்டால் இன்னொரு 120. தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றிய குருமா ஒரு கிண்ணம், குறைத்துச் சொன்னாலும் 150. மொத்தம் அறுநூறைத் தாண்டுகிறது. 80 கிராம் அரிசியை வடித்த சோறு, ரசம், ஒரு பொரியல், மோர் என்று சாப்பிட்டிருந்தால் நானூறைச் சுற்றி நின்றிருக்கும். தானியத்தை மாற்றினீர்கள், கூடவே எண்ணெயும் தேங்காயும் ஏறிவிட்டதைக் கவனிக்கவில்லை.

சப்பாத்தி பிடித்திருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். இரண்டு போதும், எண்ணெய் இல்லாமல். வறட்டியாகிவிடும் என்று பயந்துதான் பலரும் எண்ணெய் விடுகிறார்கள். மாவை வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் தளரப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். கல் நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். காயாத கல்லில் கிடந்தால் மெல்ல மெல்ல ஈரம் போய் அப்பளமாக விறைக்கும்; சூடான கல்லில் சட்டென்று வெந்து மெத்தென்று வரும். தொட்டுக்கொள்ளக் குருமாவுக்குப் பதில் கெட்டியான பாசிப்பருப்புக் கடைசல். ஆளுக்கு 40 கிராம் பருப்பு போட்டால் ஒன்பது, பத்து கிராம் புரதம் கிடைக்கும், பசியும் தாங்கும். தண்ணியாகக் கரைத்த சாம்பார் இரண்டு கரண்டியில் அது கிடைக்காது. பக்கத்தில் கீரையோ புடலங்காயோ பீன்ஸோ, தட்டில் பாதி. தேங்காய்ப்பூ ஒரு ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

எண்ணெயைக் கண்ணால் அளக்க முடியாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி உணவுக்கே நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு என்கிறது. எடை குறைக்க நினைக்கும் உங்களுக்கு நாலு டீஸ்பூன் போதும். மாதத்துக்கு ஆளுக்கு 600 மில்லி. மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு லிட்டர் வாங்கினால் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். மாத முதல் நாளில் அந்த அளவைத் தனி டப்பாவில் ஊற்றி வைத்து, அதிலிருந்து மட்டும் எடுங்கள். பதினைந்தாம் தேதியே டப்பா காலியானால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்: பெரும்பாலும் தாளிப்பிலும் தோசைக்கல்லிலும்தான். தோசையை விட வேண்டாம்; இட்லியை அடிக்கடியும் தோசையை எப்போதாவதும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேனும் சர்க்கரைதான், அதை விட்டுவிடுங்கள். டீயையும் எண்ணிப் பாருங்கள்: மூன்று வேளை, வேளைக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 30 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

நடையை நிறுத்தாதீர்கள். ஆனால் அரை மணி நேர நடைக்கு உங்கள் எடையில் செலவாவது சுமார் 120 கலோரி. திரும்பும் வழியில் ஒரு உளுந்து வடை சாப்பிட்டால் அதோடு சரி. வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சியும் சேருங்கள். சாப்பாட்டைக் குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க அது வேண்டும்.

எடையை தினமும் பார்த்து மனம் சோராதீர்கள். உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒரு கிலோ ஏற்றி இறக்கும். வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் நல்ல வேகம். 68-ல் மூன்றரைக் கிலோ போனாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலன் தெரியத் தொடங்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் டேப்பைச் சுற்றி இடுப்பளவையும் குறித்து வையுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இத்தனையும் அளந்து செய்து இரண்டு மாதமாகியும் முள் நகரவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை ஒன்று செய்துபாருங்கள்.