நேயரோடு பேசும் வானொலித் தொகுப்பாளரின் பணி: கேள்வி பதில்

கோவை வட்டாரத்தில், நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசும் வானொலி நிகழ்ச்சிகளை நெடுங்காலம் நடத்தியவள் என்ற முறையில், இத்தொழிலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: வணக்கம்ங்க அம்மா. எனக்கு வானொலித் தொகுப்பாளராக வேண்டும் என்று ஆசை. எங்கே தொடங்குவது? குரல் இனிமையாக இல்லாவிட்டால் வாய்ப்பு கிடைக்காதா?

கண்ணு, அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைத்துத் தற்காலிக அறிவிப்பாளர்களை எடுக்கின்றன. தேறியவர்களுக்குப் பொதுவாக மாதத்தில் 6 முறைக்கு மேல் பணி தருவதில்லை என்பதால், அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது. தனியார் பண்பலைகளில் மாதச் சம்பளம் உண்டு. ஆனால் விளம்பரதாரருக்காகப் பேசும் நேரமும் அதில் அடங்கும். நீ தொடங்க ஏற்ற இடம், கல்வி நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் தம் வட்டார மக்களுக்காக நடத்தும் சமுதாய வானொலி என்பேன். கல்வி நிறுவனங்களுக்கு 2002-லும், தொண்டு நிறுவனங்களுக்கு 2006-லும் மத்திய அரசு அதற்கு வழி திறந்தது. கோவையிலும் கல்லூரி வளாகங்களிலிருந்து அவ்வகை நிலையங்கள் இயங்குகின்றன. குரல் இனிமையைப் பற்றிக் கவலைப்படாதே. ல, ள, ழ மூன்றும் பிசகாமல் வரவேண்டும்; எதிர்முனையில் இருப்பவர் சொன்னதிலிருந்து அடுத்த கேள்வியை எடுக்கத் தெரிய வேண்டும். எழுதி வைத்த கேள்வியையே வரிசையாகக் கேட்பவர் இந்தப் பணியில் நிலைப்பதில்லை.

சோமனூரிலிருந்து ஒரு விசைத்தறி உரிமையாளர்: இணைப்பு கிடைத்தவுடனே "ரேடியோவை அணைத்துவிடுங்கள்" என்கிறீர்களே, அது ஏனுங்க? தறிச் சத்தத்தில் நாங்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா?

நீங்கள் பேசுவது வானொலிப் பெட்டியிலிருந்து சற்றுப் பிந்தி ஒலித்து, மீண்டும் உங்கள் தொலைபேசிக்குள் நுழைந்தால், ஊளைச் சத்தம் எழுவதோடு உங்கள் பேச்சும் தடுமாறும். தன் குரலையே பிந்திக் கேட்கும்போது பெரும்பாலோரால் சரளமாகப் பேச முடியாது. தறிச் சத்தமும் எங்களுக்கு நன்றாகவே கேட்கும். அழைப்பை முதலில் எடுப்பவர் நிலையத்தில் உள்ள உதவியாளர். அவர் பெயர், ஊர், பேசவிருக்கும் விஷயம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, சற்றுத் தள்ளி வந்து பேசும்படி உங்களைக் கேட்பார். இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள்: நேரலை போலத் தோன்றும் பல நிகழ்ச்சிகளில் அழைப்புகள் முன்பே ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. உண்மையான நேரலையில், தகாத சொல் வந்தால் வெட்டுவதற்காக ஒலிபரப்பைச் சில விநாடிகள் தாமதப்படுத்தும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. அது இல்லாத இடத்தில் தொகுப்பாளரின் விரல் எப்போதும் இணைப்பைத் துண்டிக்கும் விசையின் மீதே இருக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தென்னை விவசாயி: வேளாண் நிகழ்ச்சியில் பதில் சொல்பவர் விஞ்ஞானிதான். நடுவில் தொகுப்பாளருக்கு என்னங்க வேலை?

தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ என்ற பூச்சி உங்கள் பகுதியில் 2016-இல் கண்டறியப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதையே எடுத்துக்கொள்வோம். "மட்டையெல்லாம் கருப்பாகிவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று ஒருவர் கேட்கிறார். அந்தக் கருப்பு, பூச்சி வெளியேற்றும் இனிப்பான கழிவின் மேல் வளரும் கரும்பூசணம். கடுமையான பூச்சிக்கொல்லி அடித்தால் ஈயைத் தின்று வாழும் என்கார்சியா ஒட்டுண்ணிகளும் சேர்ந்து அழியும் என்பதால், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறியையும், கரும்பூசணத்தை உதிர்க்க மைதா பசைக் கரைசலையும் வல்லுநர் பரிந்துரைப்பார். இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கேட்பவரோ தோப்பில் நிற்கிறார், கையில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. மரத்தின் வயது என்ன, ஊடுபயிர் உண்டா என்று அவர் சொல்லாமல் விட்டதைக் கேட்டு வாங்குவதும், லிட்டருக்கு 25 கிராம் மைதா என்ற அளவை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைப்பதும் தொகுப்பாளரின் வேலை. மில்லி லிட்டரும் லிட்டரும் மாறிப்போனால் நட்டம் அந்த ஒரு தோப்போடு நிற்காது. கேட்டுக்கொண்டிருக்கும் அத்தனை தோப்புகளிலும் அதே அளவுதான் கலக்கப்படும்.

ஈரோட்டிலிருந்து ஓர் இல்லத்தரசி: வீட்டுக் கஷ்டத்தை வானொலியில் அழுதுகொண்டே சொல்லும் பெண்களைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒருவர் பேசும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் அக்கா?

இத்தொழிலில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். நம் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் "எந்த ஊருங்க?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறோம், வானொலியிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. ஆனால் ஓர் ஊர்ப் பெயரும் பேசும் குரலும் சேர்ந்தாலே, அவர் யார் மகள், யார் மருமகள் என்பது அந்த ஊருக்கும் பங்காளி வீடுகளுக்கும் தெரிந்துவிடும். அவர் அழைத்தது மனப் பாரம் தாங்காமல். மாலையில் அதே வீட்டில்தான் அவர் சமைத்தாக வேண்டும். ஆகவே, கணவர் அடிக்கிறார் என்றோ, நகையை விற்றுவிட்டார் என்றோ பேச்சு திரும்பும் கணத்தில், "ஊர்ப் பெயர் வேண்டாம் அம்மணி, விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்" என்று நான் குறுக்கிட்டுவிடுவேன். அழுகை முற்றினால் பாடலை ஒலிக்கவிட்டு, அழைப்பைத் துண்டிக்காமல், ஒலிபரப்புக்கு வெளியே பேசுவேன். பெண்களுக்கான 181 உதவி எண்ணைச் சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த அழுகையை நிகழ்ச்சிக்கான முன்னோட்டமாக வெட்டி மறுநாள் முழுவதும் ஒலிபரப்பும் வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். அது அழைத்தவருக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன். மறுத்தால் வாய்ப்பு குறையலாம். அப்போதும் மறுக்கத்தான் வேண்டும்.

கரூரிலிருந்து ஒரு வழக்கறிஞர்: வெளிநாடுகளில் அமைச்சர்களே நேரலையில் மக்களிடம் பதில் சொல்கிறார்கள். இங்கே ஏன் அப்படி நடப்பதில்லை?

ஆஸ்திரேலியாவில் அழைப்பாளரின் குரலை நேரடியாக ஒலிபரப்ப 1967-இல் அனுமதி கிடைத்தது. அதன்பின் அங்கே அரசியல் கருத்தை உருவாக்குவதில் இவ்வகை நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் நாட்டில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகளோ, ஓர் அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்குவதைத் தடுக்கின்றன. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் கூறியதை நீங்கள் அறிவீர்கள். அந்தத் தீர்ப்பின் பொருள் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் விதிகளுக்குள் இடம் உண்டு. கட்சியைத் தொடாமல், கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் ஏன் வந்து சேரவில்லை என்று பொறியாளரை அழைத்து வைத்துக் கேட்கலாம். அதைக்கூடச் செய்யாமல் விதியின் மேல் பழிபோடும் தொகுப்பாளர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

பெருந்துறையிலிருந்து ஓர் ஆசிரியர்: கொங்குப் பேச்சை ஒலிபரப்பில் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். அழைப்பவரின் பேச்சை அவரிடமே நையாண்டியாகத் திருப்பிப் பேசிச் சிரிப்பு வரவழைப்பது மட்டும் கூடாது. மரியாதையாக "ங்க" சொல்லிப் பேசும் ஒரு பெரியவரை அந்த மரியாதைக்காகவே கேலி செய்வதாக அது முடியும்.

திருப்பூரிலிருந்து ஒரு பனியன் நிறுவன ஊழியர்: இரவு ஷிப்டில் உங்கள் நிகழ்ச்சியைக் கேட்டவன் நான். இந்த வேலையில் எத்தனை வயது வரை இருக்க முடியும் அம்மா?

தம்பி, பாடல்களுக்கு நடுவே துள்ளிப் பேசும் வேலைக்குத் தனியார் நிலையங்கள் இளம் வயதினரையே விரும்புகின்றன. உரையாடல் நிகழ்ச்சிக்கு வயது ஏற ஏற மதிப்புக் கூடும்; மாமியார் வீட்டுப் பிரச்சினையை 22 வயதுத் தொகுப்பாளரிடம் மனம் திறந்து சொல்பவர் குறைவு. தொண்டையைக் காக்க வேண்டும், இரவுப் பணி முடிந்ததும் தூங்கிவிட வேண்டும். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதால், மொழிபெயர்ப்பு, விளம்பரக் குரல் என இன்னொரு வருவாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கே இந்த ஆர்வம் இருந்தால் தயங்காமல் குரல் தேர்வுக்கு எழுதிப் போடுங்கள்; இரவு ஷிப்டில் கேட்பவர்களுக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.