வாசகர் கேள்வி-பதில்: பென்சில் பையில் மாம்பழ வாசனை

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனின் பென்சில் பையில் மின்சிகரெட் இருந்தது. "மாம்பழ ஃபிளேவர்தாம்மா, போதைப்பொருள் இல்லை" என்கிறான். நம்பலாமா? சிறுநீர்ச் சோதனைக் கிட் வாங்கிப் பார்க்கட்டுமா? – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அவன் உண்மையைச் சொல்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாதே! கேபாட்டில் (போதைப்பொருள் கலந்த மின்சிகரெட் குப்பியில்) கலக்கும் எட்டோமிடேட், மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியே செலுத்தும் மயக்க மருந்து. மாம்பழச் சுவைக்குள் அது இருந்தால் மூக்குக்கும் நாக்குக்கும் பிடிபடாது. போதை சில நிமிடங்களில் இறங்கிவிடுவதால் மறுபடி மறுபடி இழுக்கத் தோன்றும். அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் சுரப்பதையும் அது தடுப்பதால், தொடர்ந்து இழுப்பவர்களுக்கு ஓயாத சோர்வு வரும், ரத்த அழுத்தமும் தாழும். 2025 செப்டம்பர் 1 அன்று அதைச் சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டத்தில் சி பிரிவுப் போதைப்பொருளாகச் சேர்த்தார்கள்.

கிட் வேண்டாம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கஞ்சா, ஐஸ் (மெத்தம்ஃபெட்டமைன்), ஹெராயின் ஆகியவற்றுக்கானவை, எட்டோமிடேட்டைக் காட்டாது. 'இல்லை' என்று முடிவு வந்ததும் வீடு நிம்மதியாகிவிடும். ஆபத்தே அந்த நிம்மதிதான்.

வெறும் நிக்கோட்டின் என்றாலும் லேசில் விடாது. 5 விழுக்காடு என்று அச்சிட்ட 2 மில்லிலிட்டர் குப்பியில் 100 மில்லிகிராம் இருக்கும். நிறுத்திய முதல் மூன்று நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். அந்த நாள்களில் மதிப்பெண் பேச்சை எடுக்காதீர்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 1800 438 2000 எண்ணுக்கு இன்றே பேசுங்கள். தானாக முன்வந்து உதவி கேட்பவருக்குத் தண்டனை இல்லை. பள்ளியில் பிடிபட்ட பிறகு போனால் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. கருவியை உடைக்காதீர்கள்: திரவம் தோலில் படும், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். அதை எங்கே ஒப்படைப்பது என்றும் அதே அழைப்பில் கேளுங்கள்.

கேள்வி: புளோக்கின் கீழே தோழி ஒருத்தி மின்சிகரெட்டை இழுத்ததும் கை நடுங்கி, கால் பின்னி விழுந்துவிட்டாள். "காப்பி கொடு, நடக்க வை" என்றார்கள். சரியா? – உயர்நிலை மூன்று மாணவி

பதில்: இரண்டும் தவறு. அரை மயக்கத்தில் காப்பி மூச்சுக்குழாயில் போகும். நடந்தால் மறுபடி விழுவாள், தலையில் அடிபடும். ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை முழங்காலில் மடக்கி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் தரையை நோக்கும்படி வையுங்கள். வலிப்பு வந்தால் கை காலை அமுக்காமல், வாயில் எதையும் திணிக்காமல், எத்தனை நிமிடம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள். மூச்சு நின்றால் 995இல் பேசுபவர் சொல்லச் சொல்ல மார்பை அழுத்த வேண்டும். குப்பியை ஒளிக்காமல் மருத்துவ உதவியாளரிடம் கொடுங்கள். எதை இழுத்தாள் என்று தெரிவது அவளுக்குத்தான் நல்லது.

கேள்வி: பள்ளிப் பெற்றோர் குழுவில் பயங்கரப் படங்கள் காட்டி மின்சிகரெட் பற்றி ஓர் உரை ஏற்பாடு செய்கிறோம். பயன் தருமா? – ஜூரோங் வாசகர்

பதில்: மண்டபம் அமைதியாகும், பழக்கம் மாறுவது சந்தேகம். 1983இல் லாஸ் ஏஞ்சலிசில் தொடங்கிய 'டேர்' என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் போலீசாரே வகுப்பெடுத்தார்கள். பின்னர் நடந்த பல ஆய்வுகளில் பெரிய பலன் தெரியவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை வகுப்புவாரியாகப் பிரியுங்கள். "உன் வகுப்பில் எத்தனை பேர் இழுக்கிறார்கள்?", "நீ இழுத்ததுண்டா?" இரண்டுக்கும் பெயரில்லாச் சீட்டில் பதில் வாங்குங்கள். ஊகம் பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாக இருக்கும். 'எல்லாரும் செய்றாங்க' என்ற நினைப்பு அங்கேயே ஆட்டம் காணும். பிறகு இருவர் இருவராக மறுத்துப் பழகட்டும். "வேணாம்டா, சனிக்கிழமை காற்பந்து ஆட்டம் இருக்கு" என்ற ஒரு வரி போதும். சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நின்று வாதாடுபவன்தான் மாட்டிக்கொள்வான்.

கேள்வி: ஊரிலிருந்து கசகசா கொண்டுவரலாமா? – தேக்கா வாசகி

பதில்: கூடாது. மார்ஃபின் இருக்கக்கூடும் என்பதால் அது இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு முந்திரி அரைத்து ஊற்றுங்கள்.