ஏ.டி.வி. கேள்வி – பதில்: மேட்டுக்கொல்லையில் 1000 சி.சி.

கேன்-ஆம் அவுட்லேண்டர் 1000ஆர், 2025 மாடலில் 999 சி.சி. ரோட்டாக்ஸ் வி-ட்வின் எஞ்சினும் 101 குதிரைத்திறனுமாக வந்த பிறகு, கரடுமுரடு நிலத்தில் ஓடும் நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டிகள் பற்றிய கேள்விகள் நிறைய வருகின்றன. பழைய வட ஆற்காடு பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். பதில்களும் அங்குள்ள நிலத்தையும் வெயிலையும் மனதில் வைத்தே சொல்லப்பட்டவை.

புல்லட் ஓட்டிப் பழக்கம் உண்டு. 1000 சி.சி. ஏ.டி.வி. ஓட்ட எப்படி இருக்கும்? — குடியாத்தம் வாசகர்

முதலில் கை ஏமாறும். முறுக்கும் ஆக்சிலேட்டர் இதில் கிடையாது. வலது கட்டைவிரலால் தள்ளும் சின்ன லீவர்தான். கிளட்ச் இல்லை, ஓடும்போது கியர் மாற்றும் வேலையும் இல்லை. பெல்ட்டில் இயங்கித் தானாகவே வேகம் மாற்றும் சி.வி.டி. என்பதால் விரலைத் தள்ளினால் ஒரே இழுப்பு. பெட்ரோலோடு சேர்த்து 400 கிலோவை ஒட்டிய வண்டி, ஆனால் லீவர் பாதி தூரம் போவதற்குள் முன்சக்கரம் லேசாகிவிடும். அந்த நேரத்தில் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே ஓடும். புதிதாக ஏறுகிறவர்கள் வேலியில் போய் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். பயந்து பிடியை இறுக்குகிறார்கள், கூடவே கட்டைவிரலும் லீவரை அழுத்திவிடுகிறது. நான்கு விரலால் மட்டும் பிடியைப் பிடித்து, கட்டைவிரலைத் தனியாக வைக்கப் பழகுங்கள். ஓட்டும் நிலையை மாற்றும் பட்டன் இருந்தால் ஆரம்பத்தில் ‘வொர்க்’ நிலையிலேயே வைத்திருங்கள். லீவருக்கு வண்டி மெதுவாகப் பதில் சொல்லும்.

திருப்பம் அடுத்த சிக்கல். இந்த வகை வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டியிருக்கும். மணலில், சேற்றில் அது பலம். கெட்டித் தரையில் அதுவே வண்டியை நேராகத் தள்ளும். பைக்கில் வண்டியோடு சேர்ந்து சாய்ந்தால் போதும். இங்கே வண்டி சாயாது, நீங்கள்தான் சீட்டில் நகர்ந்து திருப்பத்தின் உள்பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்து, உள்ளே நுழைந்த பிறகு விரலை லேசாகக் கொடுங்கள். நடுவில் பிரேக்கை அழுத்தினால் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் வண்டி குப்புறக் கவிழும்.

சஸ்பென்ஷனைத் தாராளமாகப் பாராட்டலாம். பின்பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகள் வரப்பையும் உழவுக் கட்டியையும் அப்படியே விழுங்கிவிடும். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. குலுக்கல் தெரியாததால் 50 கி.மீ. வேகம் 25 மாதிரி இருக்கும். மேட்டுக்கொல்லையில் கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகள் எத்தனை, அவற்றைச் சுற்றிப் புல்லும் செடியும் எப்படி மூடியிருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். நடந்து பார்க்காத நிலத்தில் விரலைத் தள்ளாதீர்கள்.

101 குதிரைத்திறனும் முழுதாக வெளிவர நீண்ட நேர்தரை வேண்டும். கொல்லையிலும் தோப்பிலும் அது கிடைக்காது. பாதி லீவரிலேயே திணறாமல் மேடேறுவதும் பாரம் இழுப்பதும்தான் அந்தத் திறனால் கிடைக்கிற லாபம். விவசாய வேலை, தோப்புச் சுற்று இதற்கு மட்டும் என்றால் 567 சி.சி. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 போன்ற வண்டியே போதும் என்பது எங்கள் கருத்து.

மாந்தோப்பு மலையடிவாரச் சரிவில் இருக்கிறது. ஏறி இறங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? — ஒடுகத்தூர் வாசகர்

ஏறும்போது லோ கியரும் (மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) ஃபோர் வீலும் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு, சீட்டில் முன்னால் நகர்ந்து உடம்பை முன்சாய்த்து உட்காருங்கள். பாதியில் வண்டி நின்றுபோனால் திருப்ப முயல வேண்டாம். குறுக்கே நின்ற கணத்தில் உருளும். விரலை எடுத்து, பிரேக்கைப் பிடித்து, பார்க் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். பின்னால் உருளத் தொடங்கிவிட்ட வண்டியில் பின் பிரேக்கை மட்டும் திடீரென மிதித்தால் முன்பக்கம் தூக்கி உங்கள் மேலேயே விழும்.

இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. லோ கியர் போட்டிருந்தும் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் சுற்று மிகவும் குறைந்தால், எஞ்சினோடு சுற்றும் முன் புல்லி (பெல்ட் ஓடும் உருளை) பெல்ட்டை விட்டுவிடும். அப்போது எஞ்சின் வண்டியைத் தடுக்காது. இறங்கத் தொடங்கும்போது விரலை ஒரு தொடு தொட்டால் புல்லி பெல்ட்டைப் பிடிக்கும், வண்டி அடங்கும். எஞ்சின் பிரேக்கிங் வசதி தனியாக உள்ள மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு.

சேற்றில் மாட்டி வெளியே வந்த பிறகு ரப்பர் கருகிய வாடை. ஷோரூமில் பெல்ட் போய்விட்டது என்கிறார்கள். புது வண்டியில் எப்படிப் போகும்? — ஆம்பூர் வாசகர்

புது வண்டியில்தான் சீக்கிரம் போகும். ஹை கியரிலேயே சேற்றை உழுதிருப்பீர்கள். சக்கரம் நகராமல் எஞ்சின் மட்டும் கத்தும்போது முன் புல்லி பெல்ட்டின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். சில நொடியில் அந்த இடம் கருகிப் பள்ளமாகும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ‘டக் டக்’ என்று தட்டும், ஒருநாள் அறுந்து கவருக்குள் நாராகச் சுற்றிக்கொள்ளும்.

மணிக்கு 11 கி.மீ.க்குக் கீழே தொடர்ந்து ஓட்டுவதாக இருந்தால் லோ கியர் போடுங்கள் என்று போலாரிஸ் சொல்கிறது. எந்தக் கம்பெனி வண்டிக்கும் இது நல்ல கணக்கு. தோப்பு வேலை, சேறு, மேடு, பாரம் இழுத்தல் எல்லாமே லோ கியர் வேலைதான். புது பெல்ட்டுக்கு முதல் 80 கி.மீ. வரை முழு லீவர், பாரம் இரண்டும் வேண்டாம். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால் பெல்ட்டின் பக்கங்கள் புல்லியோடு பொருந்தும்.

மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலை. எஞ்சின் ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். பக்கவாட்டு பிளாஸ்டிக்கைக் கழற்றி, சி.வி.டி. கவர் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுங்கள். சிலது நீளம், சிலது குட்டை. வந்த வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள். வண்டியோடு வரும் டூலால் பின் புல்லியை விரித்தால் பெல்ட் தளர்ந்து கையோடு வரும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் புல்லி முகத்தில் கீறல் விழுந்து புது பெல்ட்டையும் அறுக்கும். பழைய பெல்ட்டின் நார் எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள், குறிப்பாகப் புல்லிக்குப் பின்னால் ஆயில் சீல் இருக்கும் இடத்தில். நார் அங்கே சிக்கினால் சீல் கிழிந்து ஆயில் ஒழுகும். புல்லி முகங்களை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கிரீஸ், டபிள்யூ.டி-40 எதுவும் அந்தப் பக்கமே போகக் கூடாது. புது பெல்ட்டில் அம்புக்குறி இருக்கும். சுற்றும் திசை பார்த்து மாட்டுங்கள்.

கானாற்றுத் தண்ணீரைக் கடந்த பிறகு வண்டி கத்துகிறது, நகரவில்லை என்றால் பெல்ட் கருகவில்லை, நனைந்திருக்கிறது. கவரின் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்து தண்ணீரை விட்டு, நியூட்ரலில் வைத்து விட்டு விட்டு ரேஸ் செய்யுங்கள். கவருக்குள் சுற்றும் காற்றிலேயே பெல்ட் உலரும். ஆனால் ரேஸ் செய்யும் முன்பே எஞ்சின் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

மே மாத வெயிலில் டெம்பரேச்சர் விளக்கு எரிகிறது. தொடையும் சுடுகிறது. — வேலூர் வாசகர்

40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், மெதுவாக ஓடும் 1000 சி.சி. எஞ்சினின் சூடு கால்பக்கம்தான் வரும். தடித்த ஜீன்ஸ் போடுங்கள், காலை பத்து மணிக்குள் வேலையை முடியுங்கள். விளக்கு எரிவதற்குப் பெரும்பாலும் ரேடியேட்டரில் காய்ந்த சேறும் புல்விதையுமே காரணம். குழாய்த் தண்ணீரை மெல்லிய அழுத்தத்தில் பின்பக்கமிருந்து முன்பக்கமாக விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன் ரேடியேட்டர் தகடுகளை மடக்கிவிடும், பிறகு காற்றே நுழையாது. ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், அடுத்து ரிலே பாருங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

செம்மண் தூசியில் ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டரைக் கிலோமீட்டர் கணக்கில் விடக் கூடாது. தூசியில் ஓடிய ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஃபில்டர் ஆயில் தடவி மாட்டலாம். பேப்பர் ஃபில்டரைக் கம்ப்ரஸரில் ஊதினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், மாற்றுவதே நல்லது.

வேலிகாத்தான் முள்ளால் அடிக்கடி பஞ்சர். காற்று எவ்வளவு வைப்பது? — பேர்ணாம்பட்டு வாசகர்

ஏ.டி.வி. டயருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும், சரியான அளவு உங்கள் வண்டியின் ஸ்டிக்கரில் இருக்கும். பஞ்சர் கடை மீட்டர் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. கடைக்காரர் பழக்கத்தில் 25 வைத்துவிட்டால் வண்டி துள்ளும், பிடி போகும், முள்ளும் ஆழமாக ஏறும். 0–15 அளவு காட்டும் தனி மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு பிளை, எட்டு பிளை (அடுக்கு) கொண்ட தடித்த டயருக்கு மாறினால் முள் தொல்லை நிறையக் குறையும். கையில் டியூப்லெஸ் பஞ்சர் ஸ்ட்ரிப், 12 வோல்ட் சின்ன பம்ப் இருக்கட்டும். குத்திய முள்ளை உடனே பிடுங்காதீர்கள். காற்று மெதுவாக இறங்கினால் அப்படியே வீடு வந்து பிடுங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்று மணலில் ஓட்டலாமா? — வாலாஜா வாசகர்

வேண்டாம். பாலாற்றுப் படுகையில் குடிநீர்க் கிணறுகளும் பைப் லைன்களும் போகின்றன. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள் பல. மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே மெல்லிய மணல் மூடிக் கிடக்கும், மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. ஜவ்வாது மலை, அமிர்தி பக்கத்துக் காப்புக்காடுகளிலும் அனுமதியின்றி நுழைவது குற்றம். சொந்த நிலம், அல்லது உரிமையாளர் சம்மதித்த நிலம் மட்டுமே.

சொந்தக் கொல்லையில் ஓடை மணல் இருந்து அதில் புதைந்தால் சக்கரத்தைச் சுழற்றாதீர்கள். அடிப்பாகம் தரை தட்டும் வரை தோண்டிக்கொண்டே போகும். சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி, தென்னை மட்டையைப் போட்டு, லோ கியரில் மெதுவாக எடுங்கள். வண்டியை இழுக்கும் வின்ச் (கயிறு சுற்றும் மோட்டார்) என்றால் மரத்தில் அகலப் பட்டையைச் சுற்றி அதில் கொக்கியை மாட்டுங்கள். கயிற்றை நேராக மரத்தில் சுற்றினால் மரமும் பாழ், கயிறும் பாழ். சிந்தெடிக் கயிறானால் டிரம்மில் குறைந்தது பத்துச் சுற்று மிச்சமிருக்க வேண்டும். எஞ்சின் ஓடட்டும், இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடும்.

காட்பாடியிலிருந்து தோப்புக்கு ரோட்டிலேயே ஓட்டிப் போகலாமா? — காட்பாடி வாசகர்

மோட்டார் வாகனச் சட்டம் 39-வது பிரிவுப்படி பதிவில்லாத வண்டி பொது ரோட்டில் ஓடக் கூடாது. பெரும்பாலான ஏ.டி.வி.க்களுக்குப் பதிவு கிடைக்காது. டிராக்டர் வகையில் பதிவாகும் ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாடலை 2020-இல் போலாரிஸ் கொண்டுவந்தது. வாங்கும் வண்டிக்கு அந்தச் சான்று இருக்கிறதா என்று காகிதத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மற்றபடி டாடா ஏஸில் ஏற்றி, பார்க் போட்டு, நான்கு மூலையிலும் ராட்செட் பெல்ட்டால் கட்டிக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது எல்லா பங்கிலும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான். ஊற்றலாமா? — ஆரணி வாசகர்

போலாரிஸ், கேன்-ஆம் இரண்டுமே 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன. அதனால் இ20 ஊற்றினால் வாரண்டி நிற்குமா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு உதவாது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வண்டி நின்றால் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து பம்பைக் கெடுக்கும். நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்யுங்கள், ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று சர்வீஸ்தோறும் பாருங்கள்.

பன்னிரண்டு வயதுப் பையன் ஓட்டக் கேட்கிறான். லோ கியரில் விடலாமா? — திருப்பத்தூர் வாசகர்

விடாதீர்கள். பெரியவர்களுக்கான இந்த அளவு வண்டி 16 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. வண்டியைச் சமாளிப்பது ஓட்டுகிறவரின் உடல் எடைதான். சின்ன உடம்பு நகர்வதை 400 கிலோ உணராது. ஒற்றை சீட் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போவதும் அதே அளவு ஆபத்து. பின் அச்சுக்கு மேல் எடை ஏறி, மேட்டில் முன்பக்கம் தூக்கும்.

ஸ்போர்ட்ஸ்மேன் 570-இல் மல்லாட்டைக் கொல்லைக்கு யூரியா ஏற்றினால் எத்தனை மூட்டை? — அணைக்கட்டு வாசகர்

பின் கேரியர் தாங்குவது 82 கிலோ, முன் கேரியர் 41. யூரியா மூட்டை 45 கிலோ. பின்னால் ஒன்று மட்டும், நடுவில் வைத்து இறுகக் கட்டி ஏற்றுங்கள். முன்னால் மூட்டை வேண்டாம், மண்வெட்டி, தண்ணீர் கேன் போன்றவை போதும். இரண்டாவது மூட்டைக்கு இன்னொரு நடை போய் வாருங்கள்.