காவிரிப் படுகையில் முடியாட்சியைத் தோற்றுவித்தது பாசனமா?

காவிரி நீரை ஆள வேண்டியிருந்ததால்தான் இங்கு அரசன் தேவைப்பட்டான் என்று கொள்ளலாமா என்பது கேள்வி. பெரும் பாசனப் பணிகளே வலிய மைய அரசுகளைப் பிறப்பித்தன என்று வரலாற்றாய்வாளர் கார்ல் விட்ஃபோகல் 1957இல் வாதிட்டார். ஆனால் சீனத்தை முதன்மைச் சான்றாகக் கொண்ட அந்த வாதத்தைத் தஞ்சைக்கு அப்படியே பொருத்துவது கடினம். சோழர் கல்வெட்டுகளில் வாய்க்கால் பராமரிப்பும் நிலமும் பெரும்பாலும் ஊர் (வேளாண் ஊரார் கூட்டம்), சபை (பிராமணர் ஊர்களின் அவை), நாடு (பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம்) ஆகிய உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பிலேயே காணப்படுகின்றன. கல்லணையைக் கரிகாலனோடு இணைக்கும் மரபு ஒன்றை மட்டும் வைத்துப் பேரரசின் தோற்றத்தை விளக்குவது, என் பார்வையில், அவசரமான முடிவு.

அப்படியானால் அரசனின் பங்கு என்ன? இங்குதான் உண்மையான சர்ச்சை. வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி வலுவான அதிகார வர்க்கம் கொண்ட மைய அரசைக் கண்டார்; 1980இல் பர்ட்டன் ஸ்டெய்ன், நாடுகளே அடிப்படை என்றும், படுகைக்கு அப்பால் மன்னரின் மேலாண்மை பெரிதும் சடங்கு வழிப்பட்டது என்றும் மறுத்தார். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளிலுள்ள வரிப் பெயர்களையும் அதிகாரிகளின் பட்டங்களையும் எண்ணித் தொகுத்து ஆராய்ந்தபோது, குறிப்பாக முதலாம் இராசராசன் காலம் முதல், அரசின் கை கிராமம் வரை நீண்டது தெரியவந்தது. நிலத்தை அளப்பித்ததும், பல நாடுகளை அடக்கி ஆறுகளை எல்லையாகக் கொண்ட வளநாடுகளை வகுத்ததும் அவனே. ஆகவே பாசனம் அரசனைப் படைத்தது என்பதைவிட, பாசனம் தந்த நெல் உபரியை வரியாகத் திரட்டும் போட்டியில் வென்ற குடும்பம் பேரரசாயிற்று என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.