ஏசி வந்ததும் அமெரிக்க ஐந்து-பத்து சென்ட் கடைகளின் கூரை ஏன் தாழ்ந்தது?

சில்லறைச் சாமான்களை ஐந்து, பத்து சென்ட்டுக்கு விற்றவை இக்கடைகள். 1879-இல் தொடங்கிய வுல்வொர்த் இவற்றில் பிரபலம். கட்டடம் பெரும்பாலும் குறுகல், நீளம். இருபுறமும் அடுத்த கடை ஒட்டியிருந்தால் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. அதனால்தான் உயரமான தகர உட்கூரை, மின்விசிறிகள், வாசலுக்கு மேலே திறந்து மூடும் சாளரம். சூடான காற்று மேலேறி அது வழியே வெளியேறும்.

ஏசி வந்ததும் கணக்கு தலைகீழ். குளிர்ந்த காற்று வெளியே போகக் கூடாது. சாளரம் திறந்திருந்தால் மூடியில்லாத ஐஸ் பெட்டி கதைதான். வெளியிலிருந்து ஈரக்காற்று புகுந்தால் உறையில்லாத குளிர்க்குழாய் வியர்த்து, கீழே சாமான்மேல் சொட்டும். எனவே சாளரத்தை அடைத்தார்கள்; குழாய்களை மறைக்கப் பழைய கூரைக்குக் கீழே பொய்க்கூரை தொங்கவிட்டார்கள். அழகான தகர வேலைப்பாடு அதன் பின்னால் போனதுதான் நஷ்டம். குளிரூட்ட வேண்டிய இடமும் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் சுமார் 100 வாட் வெப்பம் விடுவார். சாப்பாட்டுக் கவுண்டரின் அடுப்பு வேறு. இயந்திரத்தின் அளவை இவையும் தீர்மானித்தன.

கடை வாடிக்கையாளர்களுக்காகத்தான் ஏசி பிறந்தது என்பது தவறு: 1902-இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகமொன்றில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த.